குட்டைக்கால் மரநாய்

செத்துப்போன பிராணிகளை உயிரோடு நிற்பதுபோல் காட்டுவதுதான் என் பிழைப்பு. அருங்காட்சியகத்தில் தோலைப் பாடம் செய்து, உள்ளே பஞ்சும் கம்பியும் அடைத்து, கண்ணாடிக் கண் பொருத்துவேன். அதற்காகத்தான் தம்பி என்னிடம் வந்தான் என்று நினைக்காதீர்கள். என்னை விட்டால் அவனுக்கு வேறு நாதி இல்லை.

அவன் பேருந்து ஓட்டுநர். போன மாதம் பட்டப்பகலில், நேரான சாலையில், வண்டியைச் சடாரென்று ஒடித்துப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். முன் இருக்கையில் இருந்த அம்மாள் இறந்துபோனார். குறுக்கே என்ன வந்தது என்று கேட்டதற்கு, "வரிநரி" என்று சொல்லித் தொலைத்தான்.

வரிநரி பூண்டோடு அழிந்து எத்தனையோ காலம் ஆகிறது. கடைசி ஒன்று எங்கள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. நான்தான் அதற்குத் தூசி தட்டுகிறேன். அந்தச் சாலைப் பக்கம் வரிநரி ஒன்று நொண்டிப் போனதைப் பார்த்ததாக ஒரு பால்காரரும் ஒரு செங்கல் சூளைக்காரரும் முன்பே சொல்லி, ஊர் சிரிப்பாய்ச் சிரித்தது. அவர்கள் கேலியோடு தப்பினார்கள். தம்பிக்கு ஜெயில் காத்திருந்தது. ஸ்டியரிங்கில் தூங்கிக் கனவு கண்டுவிட்டு உளறுகிறான் என்று விசாரணை அதிகாரி ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை.

"நாய்னு சொல்லிடேன்டா."

"முதுகுல வரி, தடியான வால், எல்லாம் ஏற்கெனவே சொல்லிட்டேன்க்கா. வரி போட்ட நாய்க்கு எங்க போறது?"

அதனால் நான் ஒரு பிராணியை உண்டாக்கினேன். மரநாய்க்கு வரி உண்டு, வாலும் உண்டு. ஆனால் பூனை அளவுதான் இருக்கும். சரி, அந்தச் சாதியில் இதுவரை யார் கண்ணிலும் சரியாகப் படாத பெரிய இனம் ஒன்று உண்டு என்று வைத்துக்கொண்டேன். ஏன் படவில்லை? சாலைக்கு அடியில் மதகுக் குழாய்களில் வசிக்கிறது. பால்காரரும் சூளைக்காரரும் அது நொண்டியதாகச் சொன்னார்களே? முன்கால் குட்டை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். பொருத்துவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எலும்புகளைப் படமாக வரைந்தேன். களிமண்ணில் உருவம் செய்து முடித்தபோது, இப்படி ஒன்று எங்கோ இருக்கத்தான் வேண்டும் என்று எனக்கே தோன்றிவிட்டது.

தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் பாத்தது இது இல்லக்கா."

"இல்லாட்டி என்ன? இதுதான்னு சொல்லு. உன் கால்ல விழணுமா நான்?"

சின்ன வயதில் அடி வாங்கிக்கொண்டே உண்மையைச் சொல்லும் ரகம் அவன். இருந்தும் தலையாட்டினான். எனக்காகத்தான்.

விசாரணை அறையில், பார்த்தது இதுதான் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அதிகாரி களிமண் உருவத்தைக் கையில் எடுத்தார். முதல்முறையாக யாரோ சிரிக்காமல் கேட்டதும் என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"கால் ஏன்மா இவ்வளவு குட்டை?"

"உடம்பு கனம் சார். மதகுக்குள்ள நுழையணும்ல. இந்த எலும்புக்கு இவ்வளவுதான் வரும்."

"ஓடுமா?"

எவ்வளவு ஆர்வமாகப் பதில் சொன்னேன் தெரியுமா? இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"ஓடாது சார். தத்தித் தத்தித்தான் போகும். அதனாலதான் பாத்தவங்க நொண்டுதுன்னு சொன்னாங்க."

அவர் உருவத்தை மேசைமேல் வைத்து, விரலால் மெதுவாக நகர்த்தினார். மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அது தத்தித் தத்திப் போய்ச் சேர வெகுநேரம் ஆனது.

"நல்ல வெளிச்சம். நேர் ரோடு. இது இப்படித் தத்திக் கடக்குற வரைக்கும் உங்க தம்பி எங்கம்மா பாத்துட்டு இருந்தாரு?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன், கடித்தது அவனை.

"சார், இது பொய். நானா செஞ்சது. இப்படி ஒரு பிராணியே கிடையாது."

"பாத்தேன்னு அவரே சொன்னாரேம்மா."

அப்போதுதான் தம்பி நிமிர்ந்தான்.

"நான் பாத்ததுக்கு நீட்டுக் கால் சார். ஒரே பாய்ச்சல்ல வந்துடுச்சு. பிரேக்ல கால் வைக்க நேரமில்ல. அதான் ஒடிச்சேன்."

தினமும் துடைத்த அந்தக் கால்கள் என் கண்முன் வந்தன. பெட்டிக்குள் இருக்கும் வரிநரிக்கு, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் கால்கள். மெதுவாக நடந்தால் நொண்டுவதுபோல்தான் தெரியும்; பாய்வதற்கென்றே ஆன கால்கள். இந்த உலகத்தில் அவனை நம்பியிருக்க வேண்டியவள் நான். அந்த நிமிடத்தில்தான் நம்பினேன்.

"அவன் சொல்றது நிஜம் சார். வந்து பாருங்க, எங்க பெட்டியில..."

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். "இப்ப சொன்னது பொய்ன்னீங்க. இனி சொல்றதை எப்படிம்மா நம்புறது?"

வெளியே நடைகூடத்தில் கான்ஸ்டபிள் அவன் தோளில் கை வைத்தார். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தம்பி என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இவ்வளவு நாள் எல்லாரும் என்னைக் கிறுக்கன்னுதான் நினைச்சாங்க. இப்ப பொய்யனாயிட்டேன்க்கா."