குடைக்காரியும் வளைவும்

லிஃப்ட் மெக்கானிக்கின் கை சும்மா இருக்காது. வேலை முடிந்து வந்ததும் பின்னறைக்குள் புகுந்து, பலகை மேல் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் பதிப்பார். ஸ்டேஷனுக்கு முந்தைய வளைவில் வண்டி தடம் புரளும். பெயர்த்துவிட்டு மறுபடி பதிப்பார். மேஜையில் சாப்பாடு ஆறிப்போகும்.

சிவப்புக் குடை பிடித்த ஒரு பொம்மைப் பெண்ணுக்கு வர்ணம் தீட்டி, அவர் மனைவி பிளாட்பாரத்தில் நிறுத்தி மாசக்கணக்காகிவிட்டது.

அன்று வண்டி தடம் புரளாமல் வளைவைக் கடந்தது. இன்னொரு சுற்றும் போனது. மனைவி கதவோரம் வந்து நின்றாள்.

"அதான் ஓடுதே. ஸ்டேஷன்ல நிறுத்துங்க, பார்க்கலாம்."

"இரு. வளைவுல டக்குனு ஒரு சத்தம் வருது."

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

"உனக்குக் கேக்காது."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஸ்க்ரூ டிரைவர் கைக்கு வந்துவிட்டது. வண்டியை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு, நன்றாக இருந்த வளைவையே பெயர்க்க ஆரம்பித்தார்.

அவள் பலகையருகே வந்தாள். குடைக்காரியைப் பிளாட்பாரத்திலிருந்து மெல்லப் பெயர்த்தெடுத்தாள்.

அவர் நிமிர்ந்தார். "அவளை எங்க கொண்டுபோற?"

"பஸ் ஸ்டாண்டுக்கு," என்றாள்.