சூசினின் கடைசிப் படையல்

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வென்தேவுக்குச் சாமி, ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. மனைவி சூசின் இருந்தவரை, "கும்பிடுறது உன் பாடு, சாப்பிடுறது என் பாடு" என்று கேலி பேசியே காலத்தை ஓட்டியவர். அப்படிப்பட்ட மனிதர், அவள் போன நாளிலிருந்து ஒரு வருடமாக ஒரு காலைகூடத் தவறாமல், அவள் பெயர் எழுதிய காகிதத்துக்கு முன்னால் சுடுசோறும் தேநீரும் வைத்துவந்தார். கேட்டால் வழக்கம் என்பார். அந்தச் சோறு இல்லையென்றால் படுக்கையை விட்டு எழ அவருக்கு வேறு காரணமே இல்லை. அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று வருடம் திரும்புகிறது. மீனும் சோறுமாக வைத்த படையல் முடிந்ததும் அந்தக் காகிதத்தைக் கொளுத்திவிட்டு, அவளுடைய ஊதுபத்திச் சட்டியிலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பலை முன்னோர்கள் சட்டியில் சேர்த்துவிடுவார்கள். அதற்கப்புறம் அவளுக்கென்று தனிச்சோறு கிடையாது. மாதம் இருமுறை முன்னோர்களோடு பொதுப்பந்திதான்.

எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவள் சூசினின் அக்கா சூயிங். நாலு தெரு தள்ளித் தனியாக இருப்பவள். வாய் கொஞ்சம் நீளம், பக்தி அதைவிட நீளம்.

"கட்டையப் போட்டுக் கேளுங்க தம்பி, சாப்பிட்டு முடிச்சாளான்னு. நான் அடுப்பைப் பாத்துட்டு வரேன்."

பிறை போன்ற இரண்டு மூங்கில் கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. ஒன்று தட்டையாகவும் மற்றது உருண்டையாகவும் விழுந்தால் சாப்பிட்டாயிற்று என்று பொருள். வென்தே போட்டார். முதல் தடவையே அப்படித்தான் விழுந்தது. பாதிக்குப் பாதி வாய்ப்பு, இதில் என்ன அதிசயம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"என்ன சொல்றா?" அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் முடிக்கலையாம், மதினி."

கால் மணி கழித்து மறுபடி கேட்டாள்.

"மீனுல முள்ளு ஜாஸ்தி. மெதுவாத்தான் சாப்பிடுவா."

சந்தேகப்பட்டு வந்து பார்த்தாள் சூயிங். கட்டைகள் விழுந்த இடத்திலேயே, ஒன்று தட்டையும் மற்றது உருண்டையுமாகக் கிடந்தன. பூசைக் கட்டையில் பொய் சொல்வது அவள் கணக்கில் பெரிய பாவம். வென்தே தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"இது வெறும் மூங்கில்னு எனக்குத் தெரியும், மதினி. அவ இங்க இல்லேன்னும் தெரியும். ஆனா முடிச்சிட்டான்னு சொல்லிட்டா, நாளைக்குக் காலையில நான் யாருக்குச் சோறு வடிக்கிறது?"

சூயிங் திட்டவில்லை. முழங்காலைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கையின் பெயர் எழுதிய காகிதத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"அவ நல்ல இடத்துக்குப் போறான்னு நான் நம்புறேன். நம்பி என்ன, எனக்கும் காலையில வீடு வெறிச்சோடித்தான் கிடக்கு." மூக்கை உறிஞ்சினாள். "எனக்குக் கஞ்சி போதும். உப்பு கம்மியா. ஆறரைக்கெல்லாம் பசிச்சிடும்."

"அவளுக்கே ஏழு மணிக்குத்தான் வெப்பேன்."

"அவ செத்தவ, பொறுத்துக்கிட்டா. என்னால முடியாது."

வென்தேவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு, ஒரு வருடமாக வராத அழுகையும் வந்தது. சூயிங் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுது ஓய்ந்தபின் அவரே தீப்பெட்டியை எடுத்தார்.

"போயிட்டு வா, சூசின்," என்றார்.