தும்மலும் இருமலும் சுயாட்சியும்

“தும்மினா கையைத் தூக்கணும். இருமினா தூக்கக் கூடாது. எங்க, திருப்பிச் சொல்லு பாப்போம்!”

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார் கணவர். தையல்காரம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, “தும்மினா தூக்கணும், இருமினா கூடாது” என்றாள். கொஞ்ச நேரத்தில் மாகாண சபையின் முதல் கூட்டம். அவள் அதில் உறுப்பினர். அவர் பார்வையாளர்.

“உங்களுக்கு நெஜமாவே இருமல் வந்துட்டா?”

“அடக்கிக்குவேன். நாட்டுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?”

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அவருக்குத் தெருவில் ‘மைக்’ என்று பெயர். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் அவருக்கு அது பொதுக்கூட்டம். குடியரசின் தலைநகரம் எங்கோ மலைகளுக்கு அப்பால் இருந்தது. இங்கே சாக்கடைக்கு மூடி போடவும் அங்கிருந்துதான் உத்தரவு வர வேண்டும். அது வருவதற்குள் யாராவது உள்ளே விழுந்து, கால் ஒடிந்து, குணமாகி, மறுபடியும் விழுந்திருப்பார்கள். “நம்ம விஷயத்துல முடிவெடுக்க அவன் யாரு?” என்று முழங்கி முழங்கியே மைக்குக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. கடைசியில் தலைநகரம் இறங்கி வந்தது. மாகாணங்கள் தங்கள் சட்டத்தைத் தாங்களே செய்துகொள்ளலாம் என்றார்கள்.

ஆனால் மத்திய அரசு ஊழியர் தேர்தலில் நிற்க முடியாது. மைக் மனைவியை நிறுத்தினார். கல்யாணமான பெண் நிற்பதற்குக் கணவனின் கையெழுத்து வேண்டும் என்பது பழைய சட்டம். அதைப் போடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ ராஜ்யத்தையே தானம் கொடுப்பதுபோல!

அந்தக் கையெழுத்தின் அருமை தையல்காரம்மாவுக்குத் தெரியும். கடை வைக்க, வருடா வருடம் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க, வேலைக்குப் போக, வங்கியில் கணக்குத் தொடங்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஒரு வருடம் சாப்பாட்டில் உப்பு கரித்ததென்று மைக் கோபித்துக்கொண்டு கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் பார்த்துக் கடை பூட்டிக் கிடந்தது. தெருப் பிள்ளைகளில் பாதிப்பேர் பழைய சீருடையில் முட்டி தெரியப் போனார்கள்.

இருவரும் கிளம்பும்போது மாடி வீட்டு நர்ஸ் படியிறங்கி வந்தாள். அவள் புருஷன் ஓடிப்போய் நாலு வருடம். ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாமல் திண்டாடினார்கள். ஆனாலும் புருஷன் கையெழுத்து இல்லாமல் அவளை வேலைக்குச் சேர்க்க முடியாதாம்.

“அக்கா, கையெழுத்துத் தீர்மானம் இன்னைக்கு வருதாமே? ஒண்ணு, ஓடினவரைத் தேடிப் பிடி. இல்லன்னா செத்துட்டாருன்னு எழுதிக் குடு. இதுதான் வழின்னு ஆபீஸ்ல சொல்றாங்க.” சிரித்தபடிதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“குடும்பம்னா ஒரு தலை வேணும்மா” என்றார் மைக். “அதுல போய்க் கை வைக்கலாமா?”

சபைக்கு இன்னும் கட்டடம் கிடைக்கவில்லை. ஒரு சினிமா தியேட்டரில் கூடினார்கள். உறுப்பினர்கள் கீழே, மக்கள் பால்கனியில். முதல் தீர்மானம் சாக்கடை மூடி. மேலே கணீரென்று ஒரு தும்மல். தையல்காரம்மா கையைத் தூக்கினாள். அடுத்தது சாலை. மறுபடியும் தும்மல். “பாவம், யாருக்கோ நல்ல ஜலதோஷம்” என்றார் பக்கத்து நாற்காலி பேக்கரிக்காரர்.

மூன்றாவது, கணவன் கையெழுத்தை ஒழிக்கும் தீர்மானம்.

ஒற்றை இருமல் கேட்டது. கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தன. பாதிக்குப் பாதிதான் தேறும் போலிருந்தது. இருமல் தொடர் இருமலாகி, பிறகு கிட்டத்தட்ட ‘ஏய்’ என்றே ஆகிவிட்டது. தையல்காரம்மாவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. இந்த மனிதரோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். மடியில் கிடந்த கை, ஈரத்துணி மாதிரிக் கனத்தது.

தூக்கினாள்.

மேலே காவலாள் ஒருவர் தண்ணீரோடு ஓடினார். “சார், வெளிய போய் இருமுங்க. இங்க சட்டம் போட்டுட்டிருக்காங்க” என்று மைக்கின் உச்சந்தலையில் தட்டியபடி அழைத்துப் போனார். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

வீட்டில் மைக் காத்திருந்தார். “உனக்குக் காது அடைச்சுப் போச்சா?”

“கேட்டுச்சுங்க. தியேட்டருக்கே கேட்டுச்சு. வெந்நீர் வெச்சுத் தரேன், குடிங்க.”

மறுநாள் விடிந்ததும் அவர் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். அங்கே நடந்ததை, மத்தியானம் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த அந்த அலுவலகத்துப் பெண்ணே தையல்காரம்மாவிடம் சொன்னாள்.

“‘நான் போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கறேன்’னு நின்னாருக்கா. ‘அந்தக் கையெழுத்துக்கு நேத்தே உயிர் போயிடுச்சு சார்’னேன். ‘அப்ப தலைநகரத்துக்கே மனுப் போடறேன்’னு குதிச்சாரு. ‘இப்ப சுயாட்சி சார், இங்கேருந்து போற மனுவுல தொகுதி உறுப்பினர் கையெழுத்து இருக்கணும்’னேன். ‘யாரு எங்க தொகுதி உறுப்பினர்’னு கேக்க வந்தவரு, பாதியிலயே நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு.” அளவு நாடா நழுவுகிற அளவுக்கு இருவரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் கடை வாசலில் வரிசை நின்றது. துணி கொடுக்க வந்தவர்கள் பாதி, உறுப்பினரிடம் ஊர்க் குறை சொல்ல வந்தவர்கள் பாதி. நர்ஸ் தன் பழைய வெள்ளைச் சீருடையைக் கொண்டுவந்திருந்தாள். “இடுப்புல கொஞ்சம் பிரிச்சு விடணும்கா. நாளைக்கு டியூட்டி.” அவளுக்குப் பின்னால் மைக், கையில் மடித்த காகிதத்தோடு.

தையல்காரம்மா மனுவை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். ‘என் மனைவி என் பேச்சை மீறி வாக்களித்தாள். ஆகவே சட்டத்தைத் தலைநகரம் ரத்து செய்ய வேண்டும்.’ மேசையில் வைத்து அடியில் கையெழுத்துப் போட்டாள்.

மைக்குக்கு வாய் பிளந்தது. “இதுக்கா போடற?”

“மனுப் போடறது உங்க உரிமைங்க. அதை நான் எப்படித் தடுக்கறது?”

மைக் எதையோ தொடங்கினார். தொண்டையைச் செருமினார். வரிசை முழுவதும் அவரையே பார்த்தது. பின்னால் மூட்டையோடு நின்ற அம்மாள் முழங்கையால் மெல்ல இடித்தாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். எங்களுக்கும் பேச வேண்டியிருக்கு.”