ஒயர் கருகிய வாசனை

ஓரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் நான் ஹவுஸ்கீப்பிங். ஒரு பொறி விழுந்தால் போதும், அத்தனை ஒயரும் பற்றிக்கொள்ளும். அதனால் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் சேஃப்டி ஆபீசர் ஜீவானந்தம் முதல் நாளே ஒரு துண்டு ஒயரைக் கொளுத்தி மூக்குக்கு நேரே காட்டுவார். “இந்த வாசனை வந்தா யாரையும் கேக்காத. செவப்பு பட்டனை அமுக்கு” என்பார். கேட்டில் தீப்பெட்டியைக்கூட வாங்கி வைத்துக்கொள்வார்கள், மேனேஜர் வண்டியைத் தவிர.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மூன்றாவது லைனில் மாப் போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஏசி துவாரத்திலிருந்து அந்தக் கருகல் வந்தது. அமுக்கினேன். நானூறு பேர் வெயிலில் போய் நின்றார்கள். ஒரு மணி நேரம் தேடியும் எங்கேயும் தீ இல்லை.

மறுநாள் எச்.ஆர். அறையில் எனக்கு விசாரணை. மோகனப்ரியா மேடத்தின் முன்னால் சின்னப்பொண்ணு என்று என் பெயர் போட்ட வேலைநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. ஒரு பக்கம் ஜீவானந்தம். எதிரே பிளாண்ட் மேனேஜர் நரசிம்மன், கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

“வேணும்னே பண்ணியிருக்கா. லைனை நிறுத்தினா இவங்களுக்கு ரெஸ்ட்” என்றார் அவர்.

“ரெஸ்ட்டா? வெயில்ல நின்னு மண்டை காஞ்சுபோச்சு சார். நாத்தம் வந்தது உங்க கேபின்லேர்ந்து. உங்க குப்பையை நான்தான் கொட்டுறேன். தெனம் பத்துப் பதினைஞ்சு தீக்குச்சி கீது.”

“நான் பைப்ல புகை பிடிக்கிறது வெளிய, என் கார்ல.”

“கார்ல கிழிச்ச குச்சி கேபினுக்கு நடந்து வந்துச்சா?”

“சின்னப்பொண்ணு, மரியாதையா பேசு” என்றார் மேடம். ஜீவானந்தம் தரையைப் பார்த்தார். அவருடைய பிரமோஷன் நரசிம்மன் கையில்.

மேடம் பேனாவின் மூடியைக் கழற்றினாள். கையெழுத்து விழுந்தால் மறுபடி பென்னலூரில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்க வேண்டும். ஐம்பத்தாறு வயதில் யார் எடுப்பார்கள்? 

“அந்தப் பைப்ல இன்னாதான் சார் போடுறீங்க? பழைய டயரா? அறுந்த செருப்பா? எங்கூர் அப்பாவு பீடி அடிப்பாரு, அதுகூட இந்த நாத்தம் நாறாது.”

அவர் முகம் சிவந்தது. “பீடியா? உனக்கு என்ன தெரியும்? இது இங்கிலீஷ் மிக்ஸ்சர் புகையிலை. வெனிலா, செர்ரினு சென்ட் அடிச்சு விக்கிற சரக்கு இல்ல. சைப்ரஸ்லேர்ந்து வர்ற இலை. கட்டுக்கட்டா தொங்கவிட்டு விறகுப் புகையில ஊறவைப்பான். அதான் இந்தக் கறுப்பு. இனிப்புக்கு வர்ஜீனியா, லேசான புளிப்புக்குத் துருக்கி இலை. நாக்கைக் கடிக்காது. கடைசியில கடுங்காப்பி மாதிரி ஒரு கசப்பு நிக்கும் பாரு…”

“புகையில ஊறவச்சதுக்கு மறுபடி எதுக்கு சார் புகை?”

“அவசரமா இழுத்தா சுடும். மெதுவா இழுக்கணும். அணைஞ்சு அணைஞ்சு போகும், திரும்பத் திரும்பப் பத்த வைக்கணும். ஆனா பத்தரைக்கு ஒரு தடவை அடைச்சா, ரிவியூ மீட்டிங் முடியற வரைக்கும் வரும்! உன் பீடி அஞ்சு நிமிஷம் நிக்குமா?”

மோகனப்ரியாவின் பேனா நின்றது. “ரிவியூ உங்க கேபின்லதானே சார் நடக்குது?”

அவர் காதில் அது விழவே இல்லை. கோட்டுப் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்து என் முகத்துக்கு நேரே மூடியைத் திறந்தார். “இந்தா, மோந்து பாரு! இதுவா டயர்?”

பற்ற வைக்காத இலைதான். ஆனாலும் அந்தக் கருகல் அறையெங்கும் பரவியது. மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கைப்பையைத் தூக்கினாள். ஜீவானந்தம் துள்ளி எழுந்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், இரண்டே எட்டில் கதவோரச் சிவப்பு பட்டன்மேல் கையை வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் டப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

 அவர் கை பட்டனிலேயே இருந்தது.

“அமுக்குங்க சார்,” என்றேன். “என் லெட்டரோட உங்க லெட்டரையும் சேத்து அடிக்கட்டும்.”

அவர் கையை எடுத்தார். நரசிம்மன் பக்கம் திரும்பினார். “சார், கார் பார்க்கிங்லேர்ந்து உள்ள ஏசி டக்ட் கிடையாது. உங்க கேபினுக்கும் மூணாவது லைனுக்கும் ஒரே டக்ட். ரிப்போர்ட்ல அதைத்தான் எழுதுவேன்.”

“ஜீவானந்தம், யோசிச்சுப் பேசு.”

“இத்தனை வருஷமா இவங்க மூக்குக்குச் சொல்லிக் குடுத்தது நான் சார்.”

மோகனப்ரியா என் கடிதத்தை நான்காகக் கிழித்தாள். நரசிம்மன் டப்பாவை மூடி எழுந்தார். “இனிமே என் கேபின் பக்கம் நீ வரக்கூடாது.”

“வரச்சொன்னாலும் வரமாட்டேன் சார். கொமட்டுது.”

மறுநாள் காலை கேட்டில் மேனேஜர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஜீவானந்தமே பிளாஸ்டிக் டிரேயை நீட்டினார். தீப்பெட்டி, பைப், டப்பா, மூன்றும் வரிசையாக அதில் விழுந்தன. நான் பஞ்ச் அடித்துவிட்டு அந்தப் பக்கமாகத்தான் போனேன்.

“இன்னா பாக்குற?” என்றார் நரசிம்மன், எங்கள் பேச்சிலேயே.

“மூடியை அழுத்தி மூடுங்க சார். செக்யூரிட்டி புதுசு. பட்டனை அமுக்கிடப்போறான்.”