இருபத்தாறு டிகிரி

துறைமுகத்துக் குளிர்பதனக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் இறாலை உறைய வைத்து ஓய்வு பெற்ற சுந்தரராமனால், மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் இருந்த நூறு லிட்டர் கடல் தண்ணீரை இருபத்தாறு டிகிரியில் நிறுத்த முடியவில்லை. தொண்ணூற்றாறாம் வருஷம், மே மாதம். தெர்மாமீட்டர் முப்பத்தொன்று காட்டியது. சொன்ன பேச்சு கேட்காத குமாஸ்தாவைப் பார்ப்பதுபோல் அதை முறைத்தார். அது முப்பத்தொன்றரைக்குப் போனது.

தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அடையாறு மீன் வளர்ப்போர் சங்கத் தலைவர் விஜயராகவன் ஐந்து பேரோடு அவற்றைப் பார்க்க வருகிறார். போன மாதம்தான் அந்தச் சங்கத்தில் வெப்பநிலைக் கட்டுப்பாடு பற்றி இவர் வரைபடங்களோடு ஒன்றரை மணி நேரம் முழங்கியிருந்தார். அவர்கள் வந்து போகும்வரை மீன்கள் உயிரோடு இருந்தாக வேண்டும்.

"நீரஜா, ஏ.சி.யப் போடேன்," என்றார் மனைவியிடம்.

"பாட்டு க்ளாஸ்ன்னா! கொழந்தேளுக்குத் தொண்டை கட்டிண்டுடும். ஒங்க மீனா கச்சேரி பண்ணப் போறது?"

எட்டுப் பெண்கள், சத்தத்தில் ஸ்ருதி கேட்காதென்று மின்விசிறியும் இல்லாமல், வியர்வை வழிய சரளி வரிசை பாடினார்கள். எட்டு பேரின் உடம்புச் சூடும் தொட்டிக்குள்தான் இறங்குவதாக அவருக்குப் பட்டது. பால் கவர்களில் உறைய வைத்திருந்த ஐஸ் பத்தையும் ஒரே மூச்சில் உள்ளே போட்டார். சூடு மளமளவென்று இருபத்தேழுக்குச் சரிந்தது. கூடவே மீன்களும் ஒரு பக்கமாகச் சரிந்தன. அலறிக்கொண்டு கவர்களை வெளியே எடுத்தார். வகுப்பு முடிந்து ஏ.சி.யைப் போட்டால், வோல்டேஜ் போதாமல் அதுவும் படுத்துவிட்டது. திரும்பவும் முப்பத்தொன்று.

வாராவாரம் பாலவாக்கத்திலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவரும் திருவல்லிக்கேணி மீன்கடை ஷரீஃப் உள்ளே வந்தார்.

"இன்னா சார், மீனுக்கு ஜல்ப்பு புடிக்க வெக்கிறியா? தேக்குல மூடி போட்டு, உள்ள மூணு ட்யூப் லைட்டு. அடுப்பு கணக்கா கீது. மூடியத் தூக்கு, லைட்ட அமுத்து, டேபிள் ஃபேன தண்ணி மேல வுடு. ஆவியா போவ போவ தானா குளுந்துரும். கொறயறதுக்கு நல்ல தண்ணி ஊத்திக்க."

"யோவ், நான் குளிர்பதனத்துல சீஃப் இன்ஜினியர்."

"அது செத்த இறாலு சார். இது உசுரோட கீது."

ஷரீஃப் தெருமுனை தாண்டிய பிறகே, தன் பெயரும் பட்டங்களும் பித்தளையில் பொறித்த அந்த மூடியைச் சுந்தரராமன் கழற்றி, விளக்கை அணைத்து, ஃபேனைத் தண்ணீர் மேல் திருப்பினார். காலையில் இருபத்தெட்டு. மீன்கள் ஒழுங்காக நீந்தின.

பத்து மணிக்கு விருந்தாளிகள் வந்தபோது ஃபேன் கதவுக்குப் பின்னால் இருந்தது. மூடி தொட்டி மேல் ஏறி, மூன்று விளக்கும் எரிந்தன. காபி முடிந்ததும் விஜயராகவன் எழுந்து, தொட்டிக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமினார்.

"நம்ம மெட்ராஸ் வெயில்ல, விஞ்ஞானத்த இப்படிக் கைவசப்படுத்தின ஒருத்தர்..."

அவர் தோளுக்கு மேலாகச் சுந்தரராமன் எட்டிப் பார்த்தார். இருபத்தொன்பது. பேச்சு ஜப்பானுக்குப் போய் வந்தது. முப்பது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. இப்படி ஒரு பாராட்டுக்காக அவர் மூன்று வருஷம் காத்திருந்தார்; அதுவோ முடிகிற வழியாகத் தெரியவில்லை.

எழுந்துபோய் மூடியைத் தூக்கிச் சோபாவில் போட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து ஃபேனை இழுத்து வந்து சுவிட்சைத் தட்டினார்.

"இது... உங்க டிசைனா சார்?" என்றார் விஜயராகவன், அசையாமல்.

"மீன்கடை ஷரீஃபோட டிசைன். செத்த நகருங்கோ, காத்த மறைக்கறேள்."