திருப்பித் தரும் காரணம்

வேன் வந்து நின்ற பிறகும் அண்ணி ஒரு வாக்கரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் நான் துடைத்து வைத்ததுதான்.

அண்ணன் போன மறுமாதம், அவர் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியை எதிர்வீட்டுக்காரர் தன் அம்மாவுக்காகத் தயங்கித் தயங்கிக் கேட்டார். இது ஆரம்பித்தது அப்படித்தான். பிறகு யார் யாரோ வீட்டில் சும்மா கிடந்த கட்டில், ஊன்றுகோல், தண்ணீர் மெத்தை என்று கொண்டுவந்து போட்டார்கள். அண்ணி அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு சைக்கிள் கடை. கடைக்குப் பின்னாலிருந்த ஷெட்தான் எங்கள் அறக்கட்டளை. தேவைப்பட்டவர்கள் எடுத்துப்போவார்கள், வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடுவார்கள். இருபத்தொரு வருஷம். மழைநாட்களில் ஆளுக்கொரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்போம். நான் பின்பக்கமாக உருட்டிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டுவேன். அண்ணன் போனபிறகு அண்ணி வாய்விட்டுச் சிரித்தது அந்த ஷெட்டுக்குள்தான்.

போன வருஷம் பெரிய ரோட்டில் இன்னொரு அமைப்பு வந்தது. போன் செய்தால் போதும், வீட்டுக்கே வந்து கட்டிலை மாட்டிக் கொடுத்தார்கள். எங்களிடம் ஆள் வரத்து குறைந்தது. நாமும் ஒரு வண்டி வாங்கலாம் என்றேன். அண்ணி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

அப்போதுதான் நாலு தெரு தள்ளியிருந்த டெய்லர், தன் மனைவிக்குக் கட்டில் கேட்டு வந்தார். இன்றைக்கே அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். என் இடுப்பு ஒத்துழைக்கவில்லை, தூக்க ஆள் கிடைக்கவில்லை, மூன்று நாளாகிவிட்டது. மூன்று நாளும் அந்தம்மா தரையில் கிடந்திருக்கிறார். முதுகெல்லாம் புண். அண்ணிதான் போய் மருந்து போட்டுவிட்டு வந்தார்.

"பக்கத்துலயே நல்லா செய்யறவங்க இருக்காங்க. தெரிஞ்சும் அவரை அங்க அனுப்பாம வச்சுக்கிட்டோம். அந்த மூணு நாளு நம்ம வீம்புப்பா."

'நம்ம' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டது அவர் பெருந்தன்மை. அடுத்த வாரமே எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைப்பதென்று பேசி முடித்தார். ஷெட் வாசலில் தொங்கிய எங்கள் பெயர்ப்பலகையைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, அண்ணியும் பேசவில்லை.

வேனோடு வந்த அவர்களுடைய மேலாளர் சின்னப் பெண். பொருள் வாங்கிப்போகிறவர்கள் நிரப்பித் தரவேண்டிய படிவங்களைக் காட்டினாள். ஒன்றில் 'திருப்பித் தரும் காரணம்' என்றிருந்தது. அண்ணியின் விரல் அங்கே நின்றது.

"இதை எடுத்துடும்மா."

பதிவுக்கு அது வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

"குணமானா தானாவே சொல்லுவாங்க. ஆளைப் பறிகொடுத்தவங்க, கட்டிலைத் தூக்கிட்டு இங்க வரைக்கும் வந்ததே பெருசு. அதை எழுத வேற வைக்கணுமா?"

அவள் பேனாவால் அந்த வரியை அடித்தாள். மற்ற படிவங்களிலும் எடுக்கச்சொல்லி மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றாள்.

பத்து நாள் நான் அந்தப் பெரிய ரோட்டுப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு காலையில், வண்டிகளைச் சரிபார்த்துத் தரலாமென்று பையில் ஸ்பேனரோடு போய் அவர்கள் கேட்டருகே நின்றேன். உள்ளே வேப்பமரத்தடியில் ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தள்ளிப் பழகிக்கொண்டிருந்தார். வண்டி இடப்பக்கமாகவே இழுத்தது. "நேரா தள்ளேன்" என்றார் அவர். "நேராத்தான் தள்றேன்" என்றார் அந்தம்மா. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தத் தெரியாமல், மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.