அரை நிமிடம் முந்திய கை

தையற்காரியின் கணவருடைய வலது கை அவரைவிட அரை நிமிடம் முன்னால் வாழ்ந்து வந்தது. மற்ற உடம்பெல்லாம் ஊரோடு ஒத்த நேரத்தில்தான் இருந்தது. முழங்கைக்குக் கீழே மட்டும் இந்த வித்தியாசம். கடைத்தெருவில் ஆளில்லாத மூலையைப் பார்த்து அவர் கையசைத்தால், அரை நிமிடத்தில் அந்த மூலையில் தெரிந்தவர் ஒருவர் திரும்புவார். விரல்கள் டம்ளரைப் பிடிக்கும் வாக்கில் வளைந்து நின்றால், தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அது வந்து சேரும்வரை கை பொறுமையாக அப்படியே காத்திருக்கும். கல்யாணமான புதிதில் தையற்காரிக்கு இது ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு, குறட்டை விடும் புருஷனோடு ஒருத்தி பழகிப்போவதைப் போலப் பழகிப்போனாள்.

கை ஒருமுறைகூடத் தவறியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் பெருவிரலில் கொப்புளம் கிளம்பியது. எரிச்சல் இல்லை, ஏனென்றால் சூடு இன்னும் படவில்லை. அவர் அடுப்பையும் டிராக்டரின் சூடான சைலன்சரையும் விட்டு விலகி, முற்றத்தின் நடுவில் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். வெல்டரான மைத்துனர் பக்கத்துப் பட்டறையில் கேட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஒரு பொறி சுவரைத் தாண்டிப் பறந்து வந்து அந்தப் பெருவிரலிலேயே உட்கார்ந்தது. அன்றோடு, கை காட்டியதை மாற்றலாம் என்ற எண்ணத்தை அவர் விட்டுவிட்டார்.

அவர்களுக்குப் பதினோரு மாடுகளும், கால்வாய்க் கரைச் சரிவில் எட்டு ஏக்கர் புல்லும் இருந்தன. புல் அறுக்க வந்துகொண்டிருந்த இரண்டு பேரும் செங்கல் சூளைக்குப் போய்விட்ட வருடம், டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் அறுப்புக் கருவி வாங்குவதென்று முடிவானது. டிஸ்க் கட்டர்தான் வேண்டும் என்று மைத்துனர் ஒற்றைக்காலில் நின்றார். அதில் தட்டுகள் சுழன்று புல்லை அடித்து வெட்டும், வேகம் அதிகம். கட்டர் பார் என்பது வேறு. ஆறடி நீளமுள்ள பட்டைக் கம்பி டிராக்டரின் பக்கவாட்டில் தரையோடு நீண்டிருக்கும். அதன் முன்விளிம்பில் கூரான இரும்பு விரல்கள் வரிசையாக நிற்கும். அந்த விரல்களுக்கு நடுவே முக்கோணக் கத்திகள் இடமும் வலமுமாக ஓடும். கத்தரிக்கோல் செய்யும் அதே வேலைதான், நிமிடத்துக்கு எண்ணூறு முறை.

தையற்காரி கருவிக் கடையில் குனிந்து உட்கார்ந்து கட்டர் பாரை அரைமணி நேரம் பார்த்தாள். இன்ஜினின் சுழற்சி, டிராக்டரின் பின்னால் நீண்டு சுழலும் பி.டி.ஓ. தண்டு வழியாக வந்து, பெல்ட்டில் ஏறி, ஒரு சக்கரத்தைச் சுற்ற, அந்தச் சக்கரம் ஒரு கோலைத் தள்ளி இழுத்துச் சுழற்சியை ஆட்டமாக மாற்றியது. அவளுடைய தையல் மிஷின் ஊசியை ஆட்டுவதும் இப்படித்தான். அவளுக்கு அது சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது.

"அக்கா, டிஸ்க்குன்னா சும்மா பறக்கும். இது பல்லு தேய்க்கிற மாதிரி போகுது" என்றார் மைத்துனர்.

"பறக்கட்டும். கரையில கிடக்குற கல்லும் கூடவே பறக்குமே, ரோட்டுல போறவன் மண்டைக்கு நீ பதில் சொல்றியா?"

அதோடு, டிஸ்க்கை இழுக்க அவர்களுடைய சின்ன டிராக்டருக்குச் சக்தி போதாது. கட்டர் பார் பாதிச் சக்தியில் ஓடும்; டிராக்டர் மேட்டில் சமமாக நிற்க, பட்டையை மட்டும் சரிவுக்கேற்பக் கீழே சாய்க்கலாம்; கல்லில் மோதினால் பூட்டு விடுபட்டுப் பட்டை பின்னால் மடங்கிக்கொள்ளும்; சாலையில் போகும்போது செங்குத்தாக நிமிர்த்திப் பூட்டிவிடலாம். கடைக்காரர் நேர்மையானவர். "ஈரப் புல்லுல அடைக்கும்மா. கத்தி மழுங்கினா இன்னும் அடைக்கும். இறங்கி இறங்கி எடுக்கணும்" என்றார். அவள் கணவரின் கையைத் திரும்பிப் பார்த்தாள். அது ஏற்கெனவே காற்றில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

வாங்கினார்கள். முதல் நாளே தையற்காரி வேலைக்கென ஒரு சட்டை தைத்தாள். தண்டு சுற்றி இழுத்துவிடாதபடி தொங்கல் இல்லாத சட்டை. வலது மணிக்கட்டில் மட்டும் தூரத்திலிருந்து தெரியும்படி சிவப்புப் பட்டி. தண்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றக் கூடாது என்றாள். அடைத்தால் முதலில் பி.டி.ஓ.வை விடுவிக்க வேண்டும், பிறகு இன்ஜினை அணைக்க வேண்டும், பிறகு சாவி அவள் கைக்கு வர வேண்டும். சாவி வராமல் அவர் இறங்கினால் அன்று இரவு சாப்பாடு இல்லை. அறுப்பு நடக்கும்போதெல்லாம் அவள் புல்லுக்கு வெளியே, வரப்பில் நின்று அந்தச் சிவப்புப் பட்டியையே பார்ப்பாள். இப்படி நான்கு அறுப்புகள் ஒரு கீறல் இல்லாமல் முடிந்தன.

ஐந்தாவது அறுப்பின்போது மழை நெருங்கியது. அறுத்த புல் காய மூன்று வெயில் நாள் வேண்டும், மூன்றுதான் மிச்சமிருந்தது. வழக்கமாகப் பத்து மணிக்குப் பனி காய்ந்த பிறகு இறங்குகிறவர், அன்று ஏழு மணிக்கே இறங்கினார். நாலாவது சுற்றில் ஈரப் புல் கத்தியில் கவ்விக்கொண்டது. பெல்ட் கிரீச்சிட்டது. லீவரின் மேல் இருந்த தன் வலது கையை அவர் பார்த்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் அங்கே இல்லை. ரத்தம் இல்லை, வலி இல்லை. அவை வந்து சேர இன்னும் அரை நிமிடம் இருந்தது.

அவர் கையை உயர்த்தினார். வரப்பிலிருந்த தையற்காரி பட்டியைப் பார்த்தாள், விரல்களை எண்ணினாள், மூன்று என்று தெரிந்ததும் நொடிகளை எண்ண ஆரம்பித்தாள்.

"ரெண்டு... மூணு... பி.டி.ஓ.வ விடுங்க! இன்ஜின ஆஃப் பண்ணுங்க!"

ஆறாவது நொடியில் பி.டி.ஓ. விடுபட்டது. ஒன்பதில் இன்ஜின் நின்றது. பன்னிரண்டில் சாவி பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. புல்வெளி அமைதியானது. விரல்கள் திரும்பவில்லை.

"வண்டிதான் செத்துருச்சே மாமா, இனி எது வெட்டும்?" என்று கத்தினார், மரச் சீப்புவாரியால் புல் கூட்டிக்கொண்டிருந்த மைத்துனர்.

இருக்கையில் உட்கார்ந்திருந்த கணவருக்குக் கொப்புளம் ஞாபகம் வந்தது. ஒதுங்கி நின்றாலும் தேடி வரும் என்றால், ஒதுங்குவதில் என்ன லாபம்? மாட்டுக்குப் புல்லாவது மிஞ்சட்டும் என்று பதினேழாவது நொடியில் இறங்கினார். கத்திப் பக்கம் நடந்தார். கை அவருக்கு முன்பே எதையோ பிடுங்கும் வாக்கில் மடங்கியிருந்தது. அவர் அதன் பின்னாலேயே குனிந்தார்.

தையற்காரி எண்ணிக்கொண்டே ஓடிவந்தாள். ஓடும்போது தன் இடது ஆள்காட்டி விரலின் பிளந்த நகம் கண்ணில் பட்டது. பல வருடம் முன்பு தையல் மிஷினில் நூல் சிக்கியிருந்தது. மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுத்தான் அவள் நூலைப் பிடுங்கினாள். சிக்கு விடுபட்டதும் சக்கரம் தானாகப் பாதிச் சுற்று துள்ளியது, ஊசி நகத்தில் இறங்கியது. நின்ற மிஷினிலும் இழுவிசை மிச்சமிருக்கும். அங்கே அந்தப் பெல்ட் இப்போது வில் மாதிரி விறைத்து நின்றது. கத்தியைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஈரப் புல் மட்டும்தான்.

"கையால வேணாங்க! புல்ல எடுத்தா துள்ளும்! இருபத்திரண்டு... தம்பி, வாரிய மாமா கையில குடுடா!"

மைத்துனர் வாரியை நீட்டினார். கணவர் அதை இடது கையால் வாங்கி, வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டி நின்று அடைப்பில் மாட்டி இழுத்தார். இருபத்தெட்டு. புல் பொத்தென்று விடுபட்டது. கத்தி ஒரே ஒரு வீச்சு துள்ளி, வாரியின் இரண்டு மரப்பற்களைக் கடித்துத் துப்பி நின்றது. முப்பது.

மூவரும் முதுகுக்குப் பின்னாலிருந்த கையை எட்டிப் பார்த்தார்கள். மூன்று விரல்தான் இருந்தது. தையற்காரி எண்ணுவதை நிறுத்தவில்லை, நிறுத்தத் தெரியவில்லை. ஐம்பத்தெட்டில் இரண்டு நகங்கள் தெரிந்தன. அறுபதில் ஐந்து விரலும் இருந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பத்து மணிக்கு முன்னாடி இனிமே இறங்கிப் பாருங்க, நானே வெட்டுறேன்" என்றாள்.

அன்றிலிருந்து அந்தக் கை அவரைவிட அரை நிமிடம் பின்னால் வாழ்கிறது. பயந்துபோயிருக்கும் என்கிறார் மைத்துனர். கைக்கு வர வேண்டிய இரண்டு வெட்டும் வாரியிடம் போய்ச் சேர்ந்த கணக்குக் குழப்பம் என்கிறார் கடைக்காரர். சட்டைப் பொத்தான் போட அவர் முன்கூட்டியே எழுந்துகொள்கிறார். புல் அடைத்தால் வண்டியை நிறுத்தி, சாவியை வீசி, வாரியைப் பிடிக்க நினைக்கிறார். கை நிதானமாக வந்து சேருவதற்குள் பெல்ட் தளர்ந்து, கத்தி தானாகத் துள்ளியடங்கி, தூசியும் படிந்திருக்கும். பல் போன வாரி கூட்டிய இடத்தில் இன்றும் மெல்லிய ஒரு கோடு புல் மிச்சம் நிற்கிறது. அது மாடுகளுக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து விடைபெறுகிறவர்கள் கேட்டுக்கு வெளியே அரை நிமிடம் நின்று, கை அசைந்த பிறகுதான் கிளம்புகிறார்கள்.